சுவரில் ஒட்டிய தீர்ப்பு

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

பதினெட்டு தடவை போன் செய்தேன். எடுக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் செய்தேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்? அதனால் எழுதுகிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லவே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. மேடையில் நான் பேசியது தப்பு. என்ன பேசினேன் என்பதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அன்று காலை என்ன நடந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் வேட்பாளரைப் பக்கவாதத்தோடு எங்கள் வார்டில்தான் சேர்த்திருந்தார்கள். அது மூன்றாம் நாள். வலது பக்கம் அசைவே இல்லை, பேச்சும் போய்விட்டது. அவர் உங்கள் பிரார்த்தனைக் கூடத்துக்கு வராதவர், கூடம் நடத்தும் பள்ளிக்கு அரசாங்கம் ஏன் உதவி செய்ய வேண்டும் என்று கேட்டவர், எல்லாம் சரி. எங்கள் வார்டுக்கு இன்னும் நாலு நர்ஸ் வேண்டும் என்று அலைந்து ஆள் போட வைத்தவரும் அவர்தான். அது என் கண்ணுக்குத் தெரிகிறது. உன் கண்ணுக்கு முன்னது தெரிகிறது. அதைப் பற்றி நாம் ஆறு வருஷமாக வாய் வலிக்கச் சண்டை போட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோமே.

அவர் மனைவி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எதிரே காம்பவுண்டுச் சுவரில் புதிதாக ஒரு வரிசை போஸ்டர். பசைகூடக் காயவில்லை. "சிஸ்டர், அதுல என்ன எழுதியிருக்கு? இவர் போட்டோ மாதிரி இருக்கே. நான் கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

படித்தேன். 'கடவுளைக் கேள்வி கேட்ட வாயைக் கட்டிப்போட்டது கடவுளின் தீர்ப்பு!'

அடியில் உன் அச்சுக் கடை பெயர் சின்னதாக இருந்தது. அது இல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். கானாவுக்குக் கானா மோனை போட்டு இவ்வளவு வாகாக எழுதுகிற கை இந்த ஊரில் ஒன்றுதான்.

"ரத்ததான முகாம்னு போட்டிருக்கும்மா. இவர் நடத்தினது போல" என்று சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வருஷா வருஷம் கொடுப்பாரு. எழுந்ததும் மறுபடி கூட்டிட்டுப் போறேன்" என்றார். டிரிப்ஸ் பாட்டிலைச் சரிபார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். உன் வாசகத்துக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது, அக்கா. அந்தச் சூட்டோடுதான் சாயங்காலம் மேடை ஏறினேன்.

தங்கை

ஏப்ரல் 10

தங்கைக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

'திரும்ப எழுதத் தெம்பில்லை' என்கிறாய். மைக்கில் பேசத் தெம்பு இருந்ததே. நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"கடவுள் தீர்ப்புன்னு போஸ்டர் அடிக்கறாங்களே, அவங்க வீட்டுத் தொட்டில் பதினோரு நாள்ல காலியாச்சே, அது யார் கொடுத்த தீர்ப்பு?"

இதை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? கடையில். விசிட்டிங் கார்டுக்கு புரூஃப் பார்க்க வந்தவர், "உங்க ஏரியா மீட்டிங்தான் மேடம், செம பேச்சு" என்று தன் போனை என்னிடமே நீட்டினார். பேசுகிறவள் என் கூடப் பிறந்தவள் என்று அவருக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ் டிப்போவிலிருந்து வந்த உன் அத்தான் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு திரும்பவும் வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் 'தண்ணி வேணுமா', 'வேணாம்' இவ்வளவுதான்.

நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாய். கைதட்டலுக்கு இடம் விட்டாய். கூட்டமும் தட்டியது. ஆத்திரத்தில் வாய் தவறியது என்றால் நம்பியிருப்பேன். ஆத்திரக்காரர்கள் கைதட்டலுக்குக் காத்திருப்பதில்லை.

நான் எழுதியது பொதுவாழ்க்கைக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றி. மேடை ஏறினால் கல்லும் விழும், மாலையும் விழும். என் பிள்ளை எந்தத் தேர்தலில் நின்றான்?

பதினாலு வருஷத்துக்கு முன்பு, அவன் போன மறுவாரம் கூடத்துக்குப் போயிருந்தேன். நீதான் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். கூடத் தலைவரின் மனைவி என் காதுபடவே சொன்னார், வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டால் கடவுள் கேட்காமல் விடுவாரா என்று. அத்தனை பேர் நடுவில் நீ எழுந்து நின்றாய். உனக்குப் பத்தொன்பது வயது. "உங்க கடவுள் பதினோரு நாள் குழந்தைகிட்டயா பழி வாங்குவாரு? அப்படிப்பட்டவரை எனக்குத் தெரியாது" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் கூடத்தின் படி மிதிக்கவில்லை. மறுபடி போனதற்குக் காரணம் எந்தப் பிரசங்கமும் இல்லை. நீ சொன்ன அந்த வார்த்தைதான். அப்படிப் பழிவாங்காத ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் போனேன்.

அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நீ. அதை மைக்கில் பிடுங்கிக்கொண்டவளும் நீ. இனி எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்று மட்டும்.

நீ சொன்னது சரி. இடம் விட்டுத்தான் பேசினேன். இதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். கைதட்டல் வந்தபோது எனக்கு நன்றாக இருந்தது. அரை நிமிஷம் இருக்குமா? அந்த அரை நிமிஷம் நான் உன்னை நினைக்கவே இல்லை. கீழே இறங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பதினோரு நாளில் உனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்ததும், நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. பக்கத்தில் யாரோ குடிக்க ஏதோ கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாளே கட்சி ஆபீசுக்குப் போய் அந்த வீடியோவை எடுக்கச் சொன்னேன். செயலாளர் சிரித்தார். "சிஸ்டர், இந்த எலக்ஷன்லயே அதுதான் நல்ல பேச்சு. அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே" என்றார். அது என் அக்கா என்றேன். "அப்படின்னா இன்னும் நல்லது. சொந்த அக்காவையே கேட்டிருக்கீங்கன்னு போடலாம்" என்றார். நான் கத்தினேன். கடைசியில் கட்சியின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கையில் எத்தனை இருக்கிறதோ தெரியாது. கொட்டியதை அள்ள முடியாது.

இனிமேல் மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓட்டு மட்டும் அவர்களுக்குத்தான். அதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தலைவர் மனைவியை நான் பதினாலு வருஷமாகப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இவ்வளவு கொடிய நாக்கு ஒரு மனுஷிக்கு இருக்குமா என்று நினைத்திருக்கிறேன். போன வாரம் அவர் ரத்தம் டெஸ்ட் செய்ய எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வழக்கம்போல் முகத்தைத் திருப்பப் போனேன். திருப்ப முடியவில்லை. எந்த யோக்கியதையில் திருப்புவேன்? அவராவது உன் காதுபடச் சொன்னார். நான் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

அத்தான் முகத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீ கொடுக்க வேண்டிவருமே என்று பயமாக இருக்கிறது.

தங்கை

மே 2

தங்கைக்கு,

உன் கடிதம் இரண்டு வாரமாகக் கடை மேஜையில், கீபோர்டுக்கு அடியில் இருக்கிறது.

நாங்கள் ஜெயித்துவிட்டோம், தெரிந்திருக்கும். படுத்த படுக்கையாக இருந்தவரை எதிர்த்து ஜெயித்தோம். கட்சிக்காரர்கள் கடைக்கு வந்து இனிப்பு கொடுத்தார்கள். "உங்க போஸ்டர்தான் மேடம் வேலை செஞ்சுது" என்று ஒருவர் என் கையைக் குலுக்கினார். அந்தக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன். போன கடிதத்தில் பெரிய நியாயஸ்தி மாதிரி எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. அந்த வாசகம் கட்சி கேட்டது இல்லை. அவர்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தது, 'அண்ணன் விரைவில் குணமடைந்து மனம் திருந்த வேண்டுகிறோம்'. சப்பென்று இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானே அதை அடித்துவிட்டு டைப் செய்தேன். கானா கானாவாக வந்து விழுந்தது. வந்தவர்களே ஒரு நிமிஷம் தயங்கினார்கள். "கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று ஒருவர் கேட்டார். "உண்மையைத்தானே சொல்றோம்" என்றேன் நான். நீ கைதட்டலுக்கு இடம் விட்டதை நான் கண்டுபிடித்தது எப்படி என்று நினைக்கிறாய்? எனக்கு அந்த ருசி தெரியும்.

போன ஞாயிறு கூடத்தில் வெற்றிக்கு நன்றிப் பிரார்த்தனை. தலைவர் பேசும்போது, தெய்வபயம் உள்ளவர்களுக்குத் தெய்வம் கொடுத்த தீர்ப்பு இது என்றார். என் கால் தானாக எழுந்தது. முன்வரிசையில் இருந்ததால் எல்லோரும் பார்த்தார்கள். அந்த போஸ்டரை எழுதினது நான்தான் என்றேன். "கடவுள் என்கிட்ட எதுவும் சொல்லல. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். அவர் பேர்ல பொய்க் கையெழுத்து போட்டுட்டேன்" என்று சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தலைவர் ரொம்ப மரியாதையாக, "சகோதரி மனசு சங்கடத்துல இருக்காங்க. அவங்களுக்காக எல்லாரும் வேண்டிக்குவோம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. பிரார்த்தனை செய்தே ஒருத்தியை உட்கார வைக்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. வாராவாரம் கூடத்தின் செய்தி மடலை நான்தானே தயாரிப்பேன்? இந்த வாரம் வேறு கடைக்குப் போய்விட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை, அச்சாகி வந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கூடத்துக்குப் போவதை நிறுத்தமாட்டேன். ஓட்டையும் மாற்றமாட்டேன். பள்ளிக்கூட விஷயத்தில் அவர் சொன்னது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவரை, அவர் மனைவியை, வந்து பார்க்க வேண்டும். எப்போது வரலாம்? நீ ட்யூட்டியில் இல்லாத நேரமாகச் சொல். உன்னையும் ஒரே நாளில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா

மே 5

அக்காவுக்கு,

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை.

வருவதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள். அந்த அம்மாவுக்கு போஸ்டர் விஷயம் தெரியாது. தோற்றதையே அவரிடம் ரெண்டு நாள் கழித்துத்தான் சொன்னோம். நீ உன் பாரத்தை இறக்கி வைக்க வருகிறாயா, அவர் தலையில் ஏற்றி வைக்க வருகிறாயா? தெரிந்துகொண்டு வா. நான் சொல்வது குத்தலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதே கேள்வியைத்தான் நானும் அத்தானை நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 'எனக்கு அந்த ருசி தெரியும்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான், சந்தேகமில்லை.

தங்கை

மே 9

தங்கைக்கு,

போனேன். உன் கேள்வி படியேறும்போதெல்லாம் கூடவே வந்தது. சொல்ல வேண்டாம், சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மாடி ஏறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அது நல்ல மனசா, கோழைத்தனமா தெரியவில்லை.

மூலைக் கட்டில். அவர் கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. போஸ்டருக்காக அவர் போட்டோவைப் பெரிதாக்கி, மூக்குக்குக் கீழே வெளிச்சம் கூட்டி, மணிக்கணக்காகப் பார்த்த முகம் அது. நேரில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

யார் என்று அவர் மனைவி கேட்டார். பகல் ட்யூட்டி சிஸ்டரின் அக்கா என்றேன். "அந்தப் பொண்ணு தங்கம்" என்றார். உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை.

"நீங்க அச்சுக் கடை வச்சிருக்கீங்க இல்ல? உங்க தங்கச்சி சொல்லியிருக்கு" என்று அவரே கேட்டார்.

ஆமாம் என்றேன். அன்றைக்கே, வீட்டுக்குப் போகிற வழியில், அந்தச் சுவருக்குக் கிட்டே போய் எழுத்துக்கூட்டிப் படித்ததாகச் சொன்னார். அடியில் இருந்த கடை பெயர் வரைக்கும் படித்தாராம். நீ பொய் சொன்னது தனக்குத் தெரியும் என்பதை, உன் மனசு நோகக் கூடாது என்று உன்னிடம் காட்டாமலே வைத்திருக்கிறார். ஒரு மாதமாக நீ அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாய். அவர் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதை எழுதினது நான்தாங்க. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அதற்கு மேல் தயாரித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. வார்த்தையாலேயே பிழைக்கிறவள் நான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கறதுக்கெல்லாம் இப்ப எனக்கு நேரம் இல்லம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். ஆயா இன்னிக்கு லீவு. தோள்பட்டைக்கு அடியில கை கொடுங்க."

கொடுத்தேன். இவ்வளவு கனமாக இருப்பார் என்று நினைக்கவில்லை. "இழுக்காதீங்க, தாங்கிப் பிடிங்க" என்றார். தாங்கிப் பிடித்தேன். அவர் தலை என் கைமடிப்பில் விழுந்தது. மூச்சு என் கையில் பட்டது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து, கால்களுக்கு நடுவில் இன்னொன்றை வைத்து, சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டோம். முடித்ததும் படுத்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று தெரிந்து பார்த்தாரா, சும்மா பார்த்தாரா? அந்தப் பார்வைக்கு அர்த்தம் எழுத என் கை வரவில்லை. இனி வரவும் வேண்டாம்.

கிளம்பும்போது அந்த அம்மா, "அடுத்த வியாழக்கிழமையும் ஆயா லீவு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை போகிறேன்.

நீ அத்தானைப் பற்றிக் கேட்டாயே. அவர் மத்தியானம் ஒரு மணிக்கு டிப்போ கேன்டீனுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் தனியாகச் சாப்பிடுவார்.

அக்கா

மே 16

அக்காவுக்கு,

போனேன். அத்தான் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். டப்பாவை நகர்த்தி இடம் விட்டார். அதுவே தாங்க முடியவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டைம்கீப்பர் ஆயிற்றே, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன். எதுவும் கோவையாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டார். டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"நீ தொட்டில்னு சொன்ன. தொட்டில்னு சொன்னதுதான் எனக்கு ஆறல. அவனுக்குப் பேர் வச்சிருந்தோம். பன்னெண்டாம் நாள் கூடத்துல சொல்றதா இருந்தோம், அதுக்குள்ள போயிட்டான். உங்க அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் வீட்டுக்குள்ளயும் நாங்க சொன்னதில்ல."

பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். ஒரே தடவை. சொல்லிவிட்டு, ஒன்றரை மணிக்கு எடுக்க வேண்டிய வண்டி இன்னும் நிற்கிறதே என்று எழுந்து போய்விட்டார்.

அக்கா, அவனைத் தூக்கியிருக்கிறேன். குளிப்பாட்டியிருக்கிறேன். எனக்கு அவன் பாப்பா மட்டும்தான். முன்னூறு பேருக்கு நடுவில் அவனை ஒரு காலித் தொட்டிலாகத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. காகிதத்தில் எழுதவோ, வாயால் சொல்லவோ எனக்கு உரிமை இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூடத்திலிருந்து திரும்பும் நேரத்துக்கு உன் வாசலில் நிற்கிறேன். வேண்டாம் என்றால் அப்படியே திரும்பிவிடுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் வரக் கூடாது. நேற்று வார்டில் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் கேட்காமல், அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

தங்கை